என் அத்தான் குடிகாரரான கதை

என் அக்காள் நல்லம்மாளின் வீட்டுக்காரர் பக்கிரிசாமி, வாழ்க்கையில் ஒரு சொட்டு மது தொட்டவர் இல்லை. இதை வேறு யாராவது சொன்னால் நீங்கள் சந்தேகப்படலாம். நான் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் நான் குடிப்பவன். பினாங்கில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிப் பஸ் ஓட்டுகிறவன் நான். சனிக்கிழமை கடைசி ஓட்டம் முடிந்து பஸ்ஸை ஷெட்டில் விட்டதும் கோப்பிக்கடையில் ஒரு பெரிய போத்தல் ஸ்டவுட், அந்தக் கசக்கிற கறுப்பு பீர், குடித்தால்தான் என் முதுகு என்னுடையதாகும். அதற்காக அந்த மனிதரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அத்தான் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா கள்ளுக்கடையே கதியாகக் கிடந்து செத்தவர். அந்தக் கோபத்தோடு பினாங்குக்கு வந்து, கப்பல் துறையில் ஒரு கிட்டங்கியில் சரக்குப் பார்க்கிற வேலையில் சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பொத்தான், நெற்றியில் திருநீறு. கோயில் மண்டபத்தில் மைக் கிடைத்தால் போதும், குடியால் கெட்ட குடும்பங்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். உதாரணத்துக்கு அவர் கை நீட்டுகிற திசையில் பெரும்பாலும் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். நான் குடித்திருந்தால் மாடி ஏறக் கூடாது என்பது சட்டம். கீழே கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில், சைக்கிள்களுக்கு நடுவில், ஒரு மரப்பெட்டியில் உட்கார வேண்டும். அக்காள் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து கொடுப்பாள். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்ப்பார்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை, மீன் குழம்பு நன்றாக இருக்கும்.

அவரை நான் கேலி செய்வதும் உண்டு. மோட்டார் சைக்கிள் ஓட்ட மாட்டார். ஏணியில் ஏற மாட்டார். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டார். எங்கே போனாலும் நடைதான். "அத்தான், நீங்க பயந்தாங்கொள்ளிலா" என்பேன். "பயம் இருக்கறவன்தான் தம்பி கடைசி வரைக்கும் இருப்பான்" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

எண்பத்து நாலாம் வருஷம் அவருடைய மூத்த மகள் தவமலருக்கு வரன் வந்தது. தவமலர் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்தாள், என் பஸ்ஸில்தான் வருவாள். மாப்பிள்ளை பட்டர்வொர்த்துக்காரன், டெக்னீஷியன். அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டாராம், அம்மா மட்டும். வரனைக் கொண்டுவந்தது மாப்பிள்ளையின் அத்தை, லோகாம்பாள் மிஸ்ஸி. இங்கே நர்ஸைப் பெயரோடு மிஸ்ஸி சேர்த்துத்தான் கூப்பிடுவோம். அந்த அம்மாளுக்குப் பெரியாஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் வேலை. பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது. தீபாவளி கழிந்து பரிசம் போடுவது என்று பேச்சு. அத்தான் தரையில் கால் படாமல் நடந்தார்.

அப்போதுதான் வயிற்றுவலி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பசாரிலிருந்து காய்கறிப் பையோடு வந்தவர், பையை வைக்காமலே சுருண்டுவிட்டார். நெஞ்சுக்குக் கீழே வலி, அது அப்படியே முதுகுக்குப் போகிறது என்றார். நிமிர்ந்து படுக்க முடியவில்லை. முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு குனிந்திருந்தால் கொஞ்சம் தேவலை. வாந்தி வேறு. வாயு என்று அக்காள் ஓமத் தண்ணீர் கொடுத்தாள், அதுவும் வெளியே வந்தது. நான் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். படுக்கை கிடைத்தது எந்த வார்டில் என்று நினைக்கிறீர்கள்? லோகாம்பாள் மிஸ்ஸி வார்டில்தான்.

டாக்டர் குலசேகரம் இளவயசுக்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். பொறுமையாக விளக்கினார். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம். நாம் தின்பதைக் கரைக்கிற நீரைச் சுரக்கிற உறுப்பு. அது வீங்கிப்போய், அந்த நீர் உறுப்பையே அரிக்க ஆரம்பித்துவிட்டதாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, கையில் டிரிப் ஏற்றி, மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டார்கள்.

"ஐயா, நீங்கள் குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டார் டாக்டர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டர், இவர்கிட்ட போய் இதைக் கேக்கறீங்களே!" என்றேன். அத்தான் இல்லை என்று தலையாட்டினார்.

"மருந்து ஏதும் எடுக்கிறனீங்களோ?"

அதற்கும் இல்லை என்றுதான் தலையாட்டினார்.

பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. மறுநாள் டாக்டர் வந்து நின்றார், பக்கத்தில் லோகாம்பாள் மிஸ்ஸி. நானும் இருந்தேன். "இந்த வருத்தம் வாறதுக்கு முக்கியமா ரெண்டு காரணம். ஒண்டு கல், மற்றது குடி. கல் இல்லை, குடியும் இல்லை எண்டு சொல்லுறீங்கள். அப்ப வேற என்னவோ இருக்குது, நான் விட மாட்டன். நீங்கள் வழமையா போற கிளினிக் எது? மிஸ்ஸி, அந்தக் கிளினிக்குக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்கோ."

அத்தான் மிஸ்ஸியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். பிறகு மூக்கில் குழாயோடு, கோயில் மண்டபத்தில் பேசுகிற அதே சுத்தத் தமிழில் சொன்னார்:

"குடிப்பது உண்டு, டாக்டர்."

எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

"அப்பிடிச் சொல்லுங்கோவன்" என்றார் டாக்டர். அவருக்கு நிம்மதி. ஃபோன் பேச்சு அதோடு நின்றது. மிஸ்ஸி தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் அக்காள் வந்தாள். நான் வாசலிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி என் தோளில் அறைந்தாள். "பாவி! நீதானடா பழக்கிவிட்ட? தங்கமா இருந்த மனுஷன கெடுத்துட்டியேடா!" லோகாம்பாள் மிஸ்ஸி மேசையிலிருந்து எழுந்து வந்து அவளைச் சமாதானப்படுத்தினாள். பக்கத்துப் படுக்கைச் சீனக் கிழவர்கூட என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் குழம்பிப்போனேன். அந்த வீட்டில் ஒரு ரகசியக் குடிகாரர் இருந்து, என் மூக்குக்குத் தெரியாமல் போகுமா? அக்காள் கோப்பி வாங்கப் போன சமயம் பார்த்துக் கட்டிலுக்கு அருகே குனிந்தேன்.

"அத்தான், என்ன குடிச்சீங்க?"

"பீர்."

"என்ன பீர்?"

"கறுப்பு பீர்."

"எப்படி இருந்துச்சு?"

கொஞ்சம் யோசித்தார். "இனிப்பா இருந்துச்சு" என்றார்.

ஸ்டவுட் இனிப்பாம்! குடிக்கவில்லை என்று பொய் சொல்கிற ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். நானே சொல்லியிருக்கிறேன். குடித்தேன் என்று பொய் சொல்கிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எதற்கு என்று மட்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மூளையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூடப் பயந்தேன்.

பட்டினி போட்டதில் வலி அடங்கியது. ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எண்ணெய் கூடாது, மது கூடவே கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். மதுவிலக்குப் பேச்சாளர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கோயிலில் விஷயம் பரவிவிட்டது. மைக்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தெருவில் நடந்தால் சிலர் வேண்டுமென்றே "என்ன பக்கிரி, ஒரு கிளாஸ் போடலாமா?" என்றார்கள். அவர் நடையை நிறுத்தவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. அவர் என்னைத் திட்டியபோதெல்லாம் கோபம் வந்திருக்கிறது. இப்போது யாரோ அவரைச் சொல்லும்போது அதைவிடக் கோபம் வந்தது.

பட்டர்வொர்த்திலிருந்து மட்டும் ஒரு வார்த்தையும் வரவில்லை. "ஆம்பளைங்க குடிக்காத வீடு எங்க இருக்கு? அவங்க பெருசா எடுத்துக்கல" என்று அக்காள் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டாள்.

தீபாவளிக்கு முன்பே வலி திரும்பிவிட்டது. முன்னதைவிட மோசம். மறுபடியும் அதே வார்டு, அதே குழாய், அதே பட்டினி. ஆனால் இந்த முறை அடங்கவில்லை. காய்ச்சல் ஏறியது, வயிறு பலகையாக இறுகியது, கண் மஞ்சள் தட்டியது. டாக்டர் குலசேகரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் பழைய பொறுமை இல்லை.

"பட்டினி போட்டும் இறங்கேல்ல. ஆரோ உள்ளுக்க சாராயம் கொண்டுவந்து குடுக்கினம். இப்பிடியே போனா ஆள் மிஞ்ச மாட்டார், விளங்குதோ?"

'ஆரோ' என்றபோது என்னையேதான் பார்த்தார். அன்று முதல் எனக்கு வார்டில் தடை. வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா என்னை மறித்து, "ஊது" என்று மலாயில் சொல்லி மோந்து பார்த்தான். வேலைக்குப் போகிற வழியில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வாயை! யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று நானே கண்டுபிடிக்கிறேன், பார் என்று கிளம்பினேன்.

வார்டின் பின்பக்கம் ஒரு நீள வராந்தா உண்டு. பார்வையாளர் நேரத்தில் அங்கே போய், திறந்திருந்த ஜன்னல் ஓரமாக நின்றேன். உள்ளே அக்காள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். மிஸ்ஸி அந்தப் பக்கம் திரும்பியதும், முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்தாள். அத்தான் வாயைத் திறந்தார். அவள் வைத்தாள். ஈரத் துணியைப் பிழிந்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அத்தான் வலியோடு விழுங்கினார்.

மாடிப்படியில் அவளைப் பிடித்தேன். "என்னக்கா குடுத்த?"

முதலில் ஒன்றுமில்லை என்றாள். நான் கத்தியதும் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். "மாத்திரைடா. வலிப்பு மாத்திரை."

அத்தானுக்குச் சின்ன வயசிலிருந்தே வலிப்பாம். கல்யாணத்தின்போது யாருக்கும் சொல்லவில்லை. முதல் வருஷம் ஒரு நாள் வாயில் நுரை தள்ளி விழுந்ததைப் பார்த்துத்தான் அக்காளுக்கே தெரியும். அன்று முதல் இரண்டு பேரும் சேர்ந்து மூடி வைத்திருக்கிறார்கள், கூடப் பிறந்த என்னிடம்கூட. ஏணியும் மோட்டார் சைக்கிளும் கடலும் எனக்கு அப்போதுதான் புரிந்தன. நான் சொன்ன பயந்தாங்கொள்ளி இதற்குத்தான் பயந்திருக்கிறார்.

"வலிப்புன்னு தெரிஞ்சா தவமலர யாருடா கட்டுவான்? ரத்தத்துல ஓடும்னுதானே சொல்லுவாங்க? மிஸ்ஸி முன்னால கிளினிக்குக்கு ஃபோன் பண்றேன்னாரே டாக்டர், அதான் அவரு அப்படிச் சொன்னாரு. நீ வந்து சொன்னதுமே எனக்கு வெளங்கிடுச்சு. உன்ன அடிச்சாத்தான் மத்தவங்க நம்புவாங்க. அதான் அடிச்சேன்."

"இப்ப எதுக்குத் திருட்டுத்தனமா குடுக்கற?"

"போன தடவ பட்டினியில மாத்திர இல்லாம கெடந்தாரு. ஒவ்வொரு நாளும் எனக்கு உசுரு போயி வந்துச்சு. மிஸ்ஸி கண்ணு முன்னால விழுந்துட்டா? அதான் இந்தத் தடவ விடல."

எந்த மாத்திரை, எப்போதிருந்து என்று கேட்டேன். பழைய மாத்திரை போட்டால் எப்போதும் தூங்கி வழிவாராம். அந்த வருஷம் கிளினிக்குக்கு வந்த புது டாக்டர் இதை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மந்தமே இல்லை, வலிப்பும் இல்லை. அக்காள் அதைச் சாமி கொடுத்த மாத்திரை என்றாள். அந்த மாத்திரை வந்த பிறகுதானே வயிற்றுவலியும் வந்தது என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அதை எப்படி நம்புவது? மருந்து எங்காவது நோயைக் கொண்டுவருமா? மருந்தை நிறுத்தினால் வலிப்பு, கொடுத்தால் வயிறா? எது நோய், எது மருந்து என்றே எனக்குத் தெரியவில்லை. டாக்டர் தப்பான திருடனைத் துரத்துகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லிடலாம்க்கா" என்றேன்.

அக்காள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "பரிசம் முடியட்டும்டா. அது வரைக்கும் பொறு."

"அது வரைக்கும் அப்பா பொறுப்பாரா?"

குரல் கீழ்ப்படியிலிருந்து வந்தது. ஃபேக்டரி யூனிஃபார்மோடு தவமலர் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ! மேலே ஏறி வந்து, அம்மாவின் கைப்பையைத் திறந்து, மாத்திரைப் போத்தலை எடுத்தாள். அக்காள் பிடுங்கப் பார்த்தாள்.

"விடும்மா. அப்பா இல்லாத கல்யாணத்துல நான் யாரு கால்ல விழறது?"

நேராக வார்டுக்குள் போய், லோகாம்பாள் மிஸ்ஸியின் மேசையில் போத்தலை வைத்தாள். "இது எங்கப்பா சாப்பிடற மாத்திரை. அவருக்கு வலிப்பு. குடிக்க மாட்டாரு, குடிச்சதே இல்ல. டாக்டர கூப்பிடுங்க." என் இருபது வருஷ டிரைவர் வாழ்க்கையில் அப்படி ஒரு தைரியத்தை நான் கண்டதில்லை.

டாக்டர் வந்து போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். "இதாலயும் வரலாம் எண்டு வாசிச்சிருக்கிறன். அபூர்வம். நான் ஒருக்காலும் கண்டதில்லை. இதுதான் எண்டு நிச்சயமாச் சொல்ல ஏலாது, நிப்பாட்டிப் பாப்பம். வலிப்புக்கு வேற மருந்து ஊசியால குடுக்கலாம்." போகும்போது என் தோளைத் தொட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். ஜாகா மட்டும் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை.

மாத்திரை நின்றது. உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை, இரண்டு மூன்று நாள் இழுபறியாகத்தான் இருந்தது. பிறகு காய்ச்சல் இறங்கியது. வயிறு இளகியது. அத்தான் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

அன்றைக்கு லோகாம்பாள் மிஸ்ஸி தவமலரையும் என்னையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வலிப்பு வீடு வேண்டாம் என்று சொல்லப் போகிறாள். தவமலரும் அதைக் கேட்கத் தயாராக நிமிர்ந்து நின்றாள்.

"வலிப்புன்னு நான் யாருக்கும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்" என்றாள் மிஸ்ஸி. "ஆனா உங்கிட்ட இதை மறைக்கக் கூடாது. மொத தடவ உங்கப்பா 'குடிப்பேன்'னு சொன்னாருல்ல, அன்னைக்கே மாப்பிள்ளையோட அம்மாகிட்ட, எங்கண்ணிகிட்ட, சொல்லிட்டேன். மாப்பிள்ளையோட அப்பா நெஞ்சுவலியில சாகல, தவமலர். எங்கண்ணன் குடிச்சே செத்தாரு. உங்ககிட்ட மறைச்சிட்டோம். குடிகாரன் வீட்டுல சம்பந்தமே வேணாம்னு அண்ணி அன்னைக்கே முடிவு பண்ணிட்டாங்க. மனுஷன் படுத்துக் கெடக்கறப்ப சொல்ல வேணாமேன்னு இருந்தோம்."

நான் பதறினேன். "அப்போ இப்ப சொல்லுங்க மிஸ்ஸி, அவரு குடிக்கலன்னு!"

"சொன்னா வலிப்பையும் சொல்லணுமே அண்ணே. சம்மதிச்சிருப்பாங்களா மாட்டாங்களா, எனக்கே தெரியல. இனிமே தெரியவும் போறதில்ல. போன ஞாயிறு சுங்கை பட்டாணியில வேற பொண்ணுக்குப் பரிசம் போட்டுட்டாங்க."

மனிதர் உயிரைக் கொடுத்துக் காத்த கல்யாணம், அவர் காக்க ஆரம்பித்த அன்றைக்கே முறிந்துபோயிருக்கிறது. அதற்கப்புறம் அக்காள் முடிந்து கொண்டுவந்த ஒவ்வொரு மாத்திரையும் இல்லாத ஒரு கல்யாணத்துக்காக. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தவமலர் அழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

அத்தான் விழித்திருந்தார். மாத்திரை விஷயம் டாக்டருக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலே எழும்பாமல் கேட்டார்.

"மிஸ்ஸி அவங்க வீட்டுல சொல்லிட்டாங்களாம்மா? எனக்கு வலிப்புன்னு?"

"சொல்லலப்பா."

"சொல்ல மாட்டாங்களா?"

"சொல்ல மாட்டாங்களாம்."

"அப்போ அவங்க என்னைய இன்னும் குடிகாரன்னுதான் நினைச்சிக்கிட்டு இருக்காங்களா?"

"ஆமாப்பா."

அத்தானின் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தார். "நல்லவேளை" என்று சொல்லிவிட்டு, மகளின் கையை விடாமலே தூங்கிப்போனார்.